டாஷ்போர்டு பச்சை, ஆடிட்டர் கையில் சிவப்பு: வங்கி கிளஸ்டரில் கம்ப்ளையன்ஸ் பிழைகளை அறிகுறி பார்த்துத் தீர்க்க

இந்திய வங்கிகளின் குபெர்நெட்டிஸ் கிளஸ்டர்களை (கன்டெய்னர்களாக ஓடும் மென்பொருளை நிர்வகிக்கும் சர்வர் கூட்டங்களை) பராமரிக்கிறவர்களுக்கும், வங்கிக்கு மென்பொருள் கொடுத்துவிட்டு ஐஎஸ் ஆடிட் (தகவல் அமைப்புத் தணிக்கை) வரும்போது மாட்டிக்கொள்கிற ஃபின்டெக் டீம்களுக்கும் இது. பாலிசி இன்ஜின், இமேஜ் ஸ்கேனர், லாக் சேகரிப்பு எல்லாம் ஏற்கெனவே ஓடுகின்றன, மாதாமாதம் ரிப்போர்ட்டும் தானாகப் போகிறது, இருந்தும் எங்கோ கணக்கு இடிக்கிறது என்ற நிலையிலிருந்து தொடங்குகிறேன். கருவிகளை நிறுவுவது எப்படி என்பது இதில் வராது.

ஆடிட்டரிடமிருந்து எந்த அப்சர்வேஷன் (குறை) வந்தாலும் கீபோர்டைத் தொடும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். விதி உண்மையிலேயே மீறப்பட்டதா? இல்லை, விதி ஒழுங்காக நின்றும் அதற்கான ஆதாரம் தொலைந்துவிட்டதா? முதலாவது என்றால் கிளஸ்டரில் வேலை, இரண்டாவது என்றால் லாக் பைப்லைனில் வேலை. ஆடிட்டர் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுவார். டாஷ்போர்டும் பிரித்துச் சொல்லாது. சோதனை ஓடி முடிந்தது என்பதுதான் அதற்குத் தெரியும். எதைப் பார்த்து ஓடியது என்று நாம்தான் தோண்ட வேண்டும்.

## விதிமீறல் எண்ணிக்கை 20-ஐத் தாண்டுவதே இல்லை

கேட்கீப்பர் என்ற பாலிசி இன்ஜினை வைத்திருப்பவர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். போன மாதமும் 20, இந்த மாதமும் 20. சிலவற்றைச் சரிசெய்த பிறகும் அதே 20. கம்ப்ளையன்ஸ் டீம் "நீங்கள் ஒன்றும் செய்யவில்லையா?" என்று கேட்கும்.

கேட்கீப்பர் ஒவ்வொரு கன்ஸ்ட்ரெயின்டின் (விதியின்) ஸ்டேட்டஸிலும் இயல்பாக 20 மீறல்களை மட்டுமே எழுதும். உங்கள் ரிப்போர்ட் ஸ்கிரிப்ட் அந்தப் பட்டியலை எண்ணினால் விடை எப்போதும் 20-க்குள்தான். அதே ஸ்டேட்டஸில் கொஞ்சம் மேலே 'டோட்டல்வயலேஷன்ஸ்' என்று ஒரு புலம் இருக்கும். உண்மையான எண்ணிக்கை அங்கே. பட்டியலில் 20, டோட்டலில் 300-க்கு மேல் என்று பார்த்து அதிர்ச்சி அடைவதற்கு இப்போதே தயாராகிக்கொள்ளுங்கள்.

வரம்பை ஆயிரக்கணக்கில் உயர்த்திவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்த ஸ்டேட்டஸ் எட்சிடியில், அதாவது கிளஸ்டரின் தரவுத்தளத்தில், போய் உட்கார்கிறது. அங்கே ஒரு ஆப்ஜெக்டுக்கு அளவு வரம்பு உண்டு. எண்ணிக்கைக்கு மெட்ரிக்ஸைப் பிடியுங்கள், முழு விவரத்துக்கு ஆடிட் பாடின் (பாட் என்பது சேர்ந்து ஓடும் கன்டெய்னர்களின் சிறு தொகுப்பு) லாகைப் பிடித்து ஆர்கைவுக்கு அனுப்புங்கள்.

போகிற போக்கில் 'ஆடிட்டைம்ஸ்டாம்ப்' புலத்தையும் பாருங்கள். ஆடிட் இயல்பாக 60 விநாடிக்கு ஒருமுறை ஓட வேண்டும். அந்த நேரம் மூன்று நாள் பழையது என்றால், பெரிய கிளஸ்டரைப் படிக்க மெமரி போதாமல் ஆடிட் பாட் திரும்பத் திரும்பச் செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பழைய ரிசல்ட் அப்படியே நிற்பதால் டாஷ்போர்டு எதுவும் சொல்லாது. ரிப்போர்ட் ஸ்கிரிப்டில் இந்த நேரத்தையும் சோதித்து, பழையதாக இருந்தால் ரிப்போர்ட்டையே நிறுத்திவிடுங்கள். பழைய எண்ணை அனுப்புவதைவிட எண்ணே அனுப்பாதது மேல்.

## பாலிசி இருந்தும் ரூட் கன்டெய்னர் உள்ளே வந்துவிட்டது

முழு நிர்வாகி உரிமையோடு ஓடுவதுதான் ரூட் கன்டெய்னர். அது நுழையக் காரணம் ஐந்தாறு. நான் பார்க்கும் வரிசையில் சொல்கிறேன்.

முதலில் பாலிசி எந்த மோடில் இருக்கிறது என்று பாருங்கள். கேட்கீப்பரில் 'ட்ரைரன்', இன்னொரு பாலிசி இன்ஜினான கைவர்னோவில் 'ஆடிட்': இரண்டும் மீறலைப் பதிவு மட்டும் செய்யும், தடுக்காது. அறிமுகப்படுத்தும்போது இரண்டு வாரம் சோதனையாக ஓடட்டும் என்று போட்டது, அப்படியே புரொடக்‌ஷனில் தங்கிவிடும். இதுதான் அடிக்கடி நடப்பது.

அடுத்து, பாலிசி எந்தக் கன்டெய்னர்களைப் பார்க்கிறது? பாடில் மூன்று பட்டியல் உண்டு: வழக்கமான கன்டெய்னர்கள், முன்வேலைக்கு ஓடும் இனிட் கன்டெய்னர்கள், தற்காலிகமாக நுழைக்கும் எஃபெமரல் கன்டெய்னர்கள். கையால் எழுதிய ரீகோ (கேட்கீப்பரின் விதி மொழி) விதிகள் பெரும்பாலும் முதல் பட்டியலை மட்டும் சுற்றிவரும். டேட்டாபேஸ் மைக்ரேஷனுக்காக வைத்த இனிட் கன்டெய்னர் ரூட்டாக ஓடும், விதி கண்டுகொள்ளாது. எஃபெமரல் இன்னும் மோசம். டீபக் (பிழைதேடும்) கட்டளை கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கிற பாடுக்குள் புதுக் கன்டெய்னர் நுழைகிறது, அந்தக் கோரிக்கை தனி சப்ரிசோர்ஸாகப் போகிறது. வெப்ஹுக் (ஏபிஐ சர்வர் பாலிசி இன்ஜினிடம் அனுமதி கேட்கும் அழைப்பு) விதியில் நட்சத்திரக் குறி போட்டிருந்தாலும் அது சப்ரிசோர்ஸைப் பிடிக்காது; பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, வெப்ஹுக்கின் 'ஃபெயில்யர்பாலிசி'. கேட்கீப்பரில் இது இயல்பாகவே 'இக்னோர்', காத்திருக்கும் நேரம் 3 விநாடி. அதற்குள் கேட்கீப்பர் பதில் சொல்லாவிட்டால் கதவு திறந்துகொள்ளும். மாத இறுதியில் பேட்ச் ஜாப்கள் குவியும் இரவில் நுழைந்த பாட் என்றால் முதல் சந்தேகம் இங்கேதான். ஏபிஐ சர்வர் லாகில் 'ஃபெயில்டு காலிங் வெப்ஹுக்' என்று தேடுங்கள்.

நான்காவது, விலக்குப் பட்டியல். சிஸ்டம் நேம்ஸ்பேஸ்களுக்கு விலக்கு கொடுப்பது சரிதான். ஆனால் விலக்கு லேபிளை ஒட்டும் உரிமை டெவலப்பருக்கும் இருந்தால், பூட்டின் மேலேயே சாவி தொங்குகிறது. கடைசியாக, அந்தப் பாட் பாலிசிக்கு முன்பே ஓடிக்கொண்டிருந்ததா என்று பாருங்கள். அட்மிஷன் கட்டுப்பாடு வாசலில் மட்டும் நிற்கும், உள்ளே இருப்பவர்களை வெளியேற்றாது. குபெர்நெட்டிஸோடு வரும் பாட் செக்யூரிட்டி அட்மிஷனும் அப்படித்தான்.

எளிய விதிகளை, அதாவது ரூட் கூடாது, நமது ரெஜிஸ்ட்ரியிலிருந்துதான் இமேஜ் வர வேண்டும் போன்றவற்றை, வெப்ஹுக்கிலிருந்து எடுத்து குபெர்நெட்டிஸின் சொந்த 'வேலிடேட்டிங் அட்மிஷன் பாலிசி'க்கு மாற்றிவிடுவதே என் பரிந்துரை. 1.30 பதிப்பில் அது நிலையான அம்சமாகிவிட்டது, ஏபிஐ சர்வருக்குள்ளேயே ஓடுகிறது, நெட்வொர்க் தாண்டிப் போய் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

## 'கிரியேட்டட்' என்று வந்தது, ஆனால் பாட் எதுவும் இல்லை

இது பிழையே இல்லை. பாட் செக்யூரிட்டியின் 'என்ஃபோர்ஸ்' பாடுக்கு மட்டும் பொருந்தும். பாட்களை உருவாக்கச் சொல்லும் டிப்ளாய்மென்டை உள்ளே விட்டுவிடும். பாட்களை உருவாக்க முயலும் ரெப்ளிகாசெட்டின் ஈவென்டில் 'ஃபெயில்டுகிரியேட்' இருக்கும். 'வார்ன்' மோடையும் சேர்த்து வைத்தால் டிப்ளாய்மென்ட் போடும்போதே டெவலப்பருக்கு எச்சரிக்கை வரும், உங்களுக்கு டிக்கெட் வராது.

பாட் மட்டுமல்ல, கிளஸ்டரில் எதுவுமே உருவாகவில்லை என்றால் கதை வேறு. 'ஃபெயில்' மோடில் வெப்ஹுக் இருக்கிறது, அதன் பின்னால் இருக்க வேண்டிய பாட்கள் இல்லை. கூகுளின் ஜிகேஇ பிரைவேட் கிளஸ்டரில் ஃபயர்வாலையும் பாருங்கள். கன்ட்ரோல் பிளேனிலிருந்து (கிளஸ்டரை இயக்கும் பகுதி) நோடுக்கு (பாட்கள் ஓடும் இயந்திரம்) 443, 10250 போர்ட்கள் மட்டுமே இயல்பாகத் திறந்திருக்கும். வெப்ஹுக் 8443-இல் கேட்டால் அழைப்பு போய்ச் சேராது.

## 180 நாள் லாக் கேட்டார்கள், கையில் சில நாள்தான் இருக்கிறது

கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், அதிகம் பேர் விழுவது இங்கேதான்.

இந்திய அரசின் சைபர் அவசர அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, எல்லாத் தகவல் தொழில்நுட்ப அமைப்புகளின் லாகையும் தொடர்ந்து 180 நாளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. கார்டு டேட்டா தொடும் அமைப்பு என்றால் கார்டு துறையின் பாதுகாப்புத் தரமான பிசிஐ டிஎஸ்எஸ் அதற்கு மேலே போய், 12 மாதம் வைத்திரு, அதில் கடைசி 3 மாதம் உடனே எடுத்துக் காட்டும்படி இரு என்கிறது. யாரோ 180 என்ற ஒரே எண்ணை எல்லா லாகுக்கும் போட்டுவிட்டால் செர்ட்-இன் பக்கம் தேறும், பிசிஐ பக்கம் விழும்.

சொந்தமாக நடத்தும் கிளஸ்டரில் ஏபிஐ சர்வரின் ஆடிட் லாகுக்கு மூன்று எண்கள் உண்டு: எத்தனை நாள், எத்தனை கோப்பு, ஒரு கோப்பு எத்தனை எம்பி. சிஐஎஸ் பெஞ்ச்மார்க் என்ற பாதுகாப்பு வழிகாட்டி சொல்லும் மதிப்புகள் 30 நாள், 10 கோப்பு, 100 எம்பி. அதைச் சோதிக்கும் க்யூப்-பெஞ்ச் கருவியை ஓட்டினால் இதற்கு 'பாஸ்' விழும். இப்போது கணக்குப் போடுங்கள்: 10 கோப்பு, ஒவ்வொன்றும் 100 எம்பி, மொத்தம் சுமார் ஒரு ஜிபி. எந்த வரம்பு முதலில் தட்டுகிறதோ அதன்படி பழையது அழியும். பரபரப்பான யுபிஐ கிளஸ்டரில் ஒரு ஜிபி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். 30 நாள் என்ற எண் வெறும் அலங்காரம். அந்த 30 நாளே முழுதாகக் கிடைத்தாலும் 180-க்கு அது ஆறில் ஒரு பங்கு. சிஐஎஸ், செர்ட்-இன் இரண்டு ஆவணங்களும் வேறு வேறு கேள்வி கேட்கின்றன, ஒன்றில் தேறுவதால் மற்றதில் தேற மாட்டோம். நோடில் இருப்பது தற்காலிகத் தொட்டி மட்டுமே என்று வைத்துக்கொண்டு, லாகை உடனுக்குடன் வெளியே அனுப்புங்கள்.

ஏடபிள்யூஎஸ்ஸின் இகேஎஸ்ஸில் கன்ட்ரோல் பிளேன் லாகிங் இயல்பாக அணைந்தே இருக்கும். ஆடிட் வகையை நீங்கள் இயக்கிய நாளிலிருந்துதான் லாக். அதற்கு முந்தையதைத் தேடி எடுக்க வழியே இல்லை, எனவே ஆடிட்டரிடம் இயக்கிய தேதியை நேராகச் சொல்லிவிடுவதே நல்லது.

அப்ளிகேஷன் லாகில் வேறு பொறி. ஒவ்வொரு நோடிலும் ஓடும் க்யூப்லெட் ஒரு கன்டெய்னருக்கு இயல்பாக 10 எம்பி வீதம் 5 கோப்பு வைக்கும். பாடை நீக்கினால் அவையும் போய்விடும். ஈவென்டுகள் இன்னும் அற்பாயுசு: இயல்பாக ஒரு மணி நேரம். "அன்று இரவு பாட் ஏன் செத்தது?" என்ற கேள்விக்கு ஈவென்ட் மட்டுமே விடை என்றால், ஈவென்டுகளையும் லாகாக ஏற்றுமதி செய்திருக்க வேண்டும்.

வெளியே அனுப்புகிறீர்கள், ஆனால் நடுநடுவே ஓட்டை விழுகிறது என்றால் லாகைச் சேகரித்து அனுப்பும் ஃப்ளூயென்ட் பிட்டின் மெமரி வரம்பைப் பாருங்கள். வரம்பு நிறைந்ததும் அது கோப்பைப் படிப்பதை நிறுத்திவைக்கும். அந்த நேரத்தில் கோப்பு சுழன்றுவிட்டால் அந்த வரிகள் போனது போனதுதான். பஃபரை டிஸ்க்குக்கு மாற்றுங்கள். ஓட்டை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன தந்திரம்: நிமிடத்துக்கு ஒரு எண்ணை ஏறுவரிசையில் எழுதும் ஒரு பாடை ஒவ்வொரு நோடிலும் ஓடவிடுங்கள். ஆர்கைவ் முனையில் அந்த எண்கள் தொடர்கின்றனவா என்று தினம் ஒரு ஜாப் பார்க்கட்டும். இடையில் எண் விடுபட்டால் அந்த நோடில் அந்த நேரத்தில் மற்ற லாகும் விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆடிட்டருக்கும் இந்தச் சோதனை பிடிக்கும்; லாக் முழுமையாக இருக்கிறது என்று வாயால் சொல்லாமல் எண்ணால் காட்டுகிறீர்கள்.

கடைசியாக, அழிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறது என்று ரிப்போர்ட்டில் எழுதும் முன் ஏடபிள்யூஎஸ் சேமிப்பகமான எஸ்3-இன் ஆப்ஜெக்ட் லாக்கின் மோடைப் பாருங்கள். 'கவர்னன்ஸ்' மோடில் உரிய அனுமதி உள்ளவர் பூட்டைத் தாண்டி அழிக்க முடியும். 'கம்ப்ளையன்ஸ்' மோடில் ரூட் கணக்காலும் முடியாது. ஆகையால் நாள் எண்ணிக்கையை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டே அதை இயக்குங்கள். தவறாக 10 வருடம் போட்டுவிட்டால் 10 வருடத்துக்கும் பில் கட்ட வேண்டியதுதான்.

## லாக் நேரம் ஒத்துப்போகவில்லை

வித்தியாசம் எவ்வளவு என்று முதலில் அளந்து பாருங்கள். சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் கடிகாரம் நன்றாகவே இருக்கிறது. ஒரு பக்கம் யுடிசி (உலகப் பொது நேரம்), மறுபக்கம் இந்திய நேரம், இரண்டிலும் ஆஃப்செட் எழுதவில்லை. இமேஜில் நேர மண்டலத்தை ஏஷியா/கொல்கத்தா என்று அமைத்தும் யுடிசியே வந்தால், அந்த மெலிந்த இமேஜில் நேர மண்டலக் கோப்புகளே இல்லை. அமைப்பை அது சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டது. எல்லாவற்றையும் யுடிசியில், ஆஃப்செட்டுடன் எழுதி, பார்க்கும் திரையில் மட்டும் இந்திய நேரமாக மாற்றுவதுதான் நிம்மதி.

வித்தியாசம் சில விநாடிகள் என்றால் அது நிஜமான கடிகாரச் சறுக்கல். கன்டெய்னருக்கென்று தனிக் கடிகாரம் கிடையாது, நோடின் கர்னல் சொல்வதுதான் நேரம். எனவே பாடுக்குள் என்டிபி (நேர ஒத்திசைவு) வைத்துப் பயனில்லை, நோடில் நேரத்தை ஒத்திசைக்கும் க்ரோனியைப் பாருங்கள். செர்ட்-இன் உத்தரவுப்படி நேரம் என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) சர்வர்களோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடு ஒத்திருக்க வேண்டும். பல நாடுகளில் பரவிய அமைப்புகள் வேறு துல்லியமான மூலத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் என்பிஎல், என்ஐசி நேரத்திலிருந்து விலகக் கூடாது. எப்படி இருந்தாலும் விலகலை அளந்து பதிவு செய்யும் ஒரு ஜாப் இருக்கட்டும். கான்ஃபிக் கோப்பின் ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாக நீட்டுவது பழைய பழக்கம்; அளந்த எண் இருந்தால் கேள்வியே எழாது.

## எக்ஸெக் அலர்ட் திடீரென்று அமைதியாகிவிட்டது

புரொடக்‌ஷன் பாடுக்குள் யாராவது ஷெல் திறந்தால் அலர்ட் வரும்படி வைத்திருந்தீர்கள். கிளஸ்டரை 1.31-க்கு உயர்த்திய பிறகு அலர்ட் குறைந்து, பிறகு வருவதே இல்லை. ஒழுங்கு வந்துவிட்டது என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம்.

பழைய க்யூப்சிடிஎல் (கிளஸ்டருக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) எக்ஸெக்குக்கு (பாடுக்குள் கட்டளை ஓட்டுவதற்கு) எஸ்பிடிஒய் நெறிமுறையைப் பயன்படுத்தியது. ஆடிட் லாகில் வினை 'கிரியேட்' என்று விழுந்தது. 1.31 முதல் க்யூப்சிடிஎல் இயல்பாக வெப்சாக்கெட்டுக்கு மாறியது. வெப்சாக்கெட் தொடங்குவது ஒரு கெட் கோரிக்கையில், ஆகவே வினை 'கெட்' என்று விழுகிறது. உங்கள் அலர்ட் 'பாட்ஸ்/எக்ஸெக், கிரியேட்' என்று தேடிக்கொண்டிருக்கிறது. வினையைப் பார்க்காமல் சப்ரிசோர்ஸை மட்டும் பார்க்கும்படி விதியை மாற்றுங்கள். கையோடு ஆர்பேக்கையும் (யாருக்கு எந்த உரிமை என்ற விதிகளையும்) பாருங்கள்: "படிக்க மட்டும்" என்று பெயர் வைத்த ரோலில் எக்ஸெக்குக்கு 'கெட்' உரிமை கொடுத்திருந்தால், அது ஷெல் திறக்கும் உரிமையாகவே வேலை செய்யக்கூடும்.

இன்னொரு எதிர்பார்ப்பையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். ஆடிட் லாக், ஷெல் திறந்தவர் யார், எந்தப் பாட், எந்த முதல் கட்டளை என்பதுவரை சொல்லும். உள்ளே போய் என்ன தட்டினார் என்று அதற்குத் தெரியாது. அது வேண்டுமென்றால் ஃபால்கோ போன்ற, கர்னல் மட்டத்தில் பார்க்கும் கருவி வேண்டும். அல்லது ஷெல்லே இல்லாத இமேஜ் வேண்டும். எனக்குப் பிடித்தது இரண்டாவது.

## எல்லா மாற்றமும் ஒரே பெயரில் இருக்கிறது

ஆடிட் லாகைத் திறந்தால் எல்லா மாற்றத்துக்கும், கிட்டில் உள்ளதைக் கிளஸ்டரில் இறக்கும் ஆர்கோ சிடியின் சர்வீஸ் அக்கவுன்ட்தான் பொறுப்பு. கிட்ஆப்ஸ் (எல்லா மாற்றமும் கிட் வழியாக மட்டும்) ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்தான். ஆனால் வங்கியில் மேக்கர் (மாற்றம் செய்தவர்) யார், செக்கர் (சரிபார்த்தவர்) யார் என்று கேட்காமல் விட மாட்டார்கள். அதற்கான விடை கிட்டில் இருக்கிறது: ஆர்கோ எந்த கமிட்டை இறக்கியது, அந்த கமிட்டை எழுதியவர் யார், ஒப்புதல் கொடுத்தவர் யார். இந்த மூன்றையும் சேர்த்து ஒரே வரியாக்கும் ஜாபை எழுதுங்கள். ரெப்போவின் அட்மின்கள் ஒப்புதலைத் தாண்டி மெர்ஜ் செய்ய முடிகிறதா என்றும் பாருங்கள்; பல இடங்களில் அந்த ஒரு டிக் மார்க் மேக்கர்-செக்கரையே செல்லாக்காசாக்கிவிடும்.

ஒரே பெயர் 'குபெர்நெட்டிஸ்-அட்மின்' என்றால் விஷயம் வேறு. ஒரு க்யூப்கான்ஃபிக்கை (கிளஸ்டருக்குள் நுழையும் சாவிக் கோப்பை) டீம் முழுக்கப் பகிர்ந்துகொண்டிருக்கிறது. அது 'சிஸ்டம்:மாஸ்டர்ஸ்' குழுவில் இருந்தால் ஆர்பேக்கால் கட்டுப்படுத்தவே முடியாது, அந்தக் குழு ஆர்பேக்கைத் தாண்டிப் போகும். சான்றிதழைத் தனியாகத் திரும்பப் பெறும் வசதியும் குபெர்நெட்டிஸில் இல்லை. அதை அவசரச் சாவியாகப் பெட்டகத்தில் பூட்டி, ஆளுக்கொரு அடையாளத்தை ஓஐடிசி (பொது லாகின் முறை) வழியாகக் கொடுங்கள்.

## சீக்ரெட் என்க்ரிப்ட் ஆகிறது என்கிறது கான்ஃபிக், எட்சிடியில் அப்படியே படிக்க முடிகிறது

என்க்ரிப்ஷன் கான்ஃபிக்கில் ப்ரொவைடர் பட்டியலின் வரிசைதான் எல்லாம். முதலில் இருப்பதைக் கொண்டுதான் எழுதும். மற்றவை படிக்க மட்டும். 'ஐடென்டிட்டி' (என்க்ரிப்ட் செய்யாத ப்ரொவைடர்) முதலில் இருந்தால் எழுதுவது எல்லாம் வெறும் டெக்ஸ்ட். வரிசை சரியாக இருந்தும் பழைய சீக்ரெட் திறந்தே இருந்தால், அது திரும்ப எழுதப்படவில்லை. எல்லா சீக்ரெட்டையும் எடுத்து அப்படியே 'ரீப்ளேஸ்' செய்தால்தான் பூட்டு விழும். சரிபார்க்க எட்சிடியில் ஒரு சீக்ரெட்டை நேரடியாகப் படியுங்கள். மதிப்பின் தொடக்கத்தில் என்க்ரிப்ஷன் முன்னொட்டு இருக்க வேண்டும். மாற்றத்துக்கு முன் எடுத்த எட்சிடி பேக்கப்புகளில் அவை திறந்தே கிடக்கும், அவற்றையும் கணக்கில் எடுங்கள்.

இதற்கு உறவினன் ஒன்று: ஆடிட் லாகில் சீக்ரெட்டின் உள்ளடக்கமே வந்து விழுவது. எல்லாவற்றுக்கும் 'ரிக்வெஸ்ட்ரெஸ்பான்ஸ்' (கோரிக்கையும் பதிலும் முழுதாக) மட்டம் போட்டதன் விளைவு. ஆடிட் பாலிசியில் முதலில் பொருந்தும் விதிதான் செல்லும். எனவே சீக்ரெட்டுக்கு 'மெட்டாடேட்டா' மட்டம் என்ற விதியைப் பொது விதிக்கு மேலே வையுங்கள்.

## இமேஜ் ஸ்கேனில் பூஜ்யம்

பூஜ்யம் நல்ல செய்தியாக இருக்க வாய்ப்பு குறைவு. வங்கியின் அடைத்த நெட்வொர்க்கில் இமேஜ் ஸ்கேனரான ட்ரிவியின் டேட்டாபேஸ் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். ஜாவாவுக்கான டேட்டாபேஸ் தனி. ஒன்றை மிரர் செய்து மற்றதை மறந்த கிளஸ்டர்கள் உண்டு. திருத்தம் வராத ஓட்டைகளை மறைக்கும் விருப்பம் பைப்லைனில் இருக்கிறதா என்றும் தேடுங்கள். பேக்கேஜ் பட்டியலே இல்லாத, சி பைனரி ஒன்று மட்டும் உள்ள இமேஜில் ஸ்கேனருக்குப் படிக்க எதுவும் கிடையாது.

ஸ்கேன் செய்ததும் ஓடுவதும் ஒன்றுதானா என்ற கேள்வி அடுத்தது. ஸ்கேன் டேகைப் (இமேஜின் பெயர்ச்சீட்டை) பார்த்தது. டேக் இடம் மாறும். பாடின் ஸ்டேட்டஸில் உள்ள இமேஜ் ஐடியின் டைஜஸ்டை (இமேஜின் மாறாத கைரேகையை) எடுத்து, ஸ்கேன் ரிப்போர்ட்டின் டைஜஸ்டோடு ஒப்பிடுங்கள். 2021 டிசம்பரில் லாக்4ஷெல் பாதுகாப்பு ஓட்டை வந்தபோது எல்லாரும் பட்ட பாடு நினைவிருக்கும்: பில்ட் அன்று சுத்தமாக இருந்த இமேஜ்தான், ஒரே இரவில் ஓட்டையாகிவிட்டது. பில்ட் நேர ஸ்கேன் மட்டும் போதாது, ஓடிக்கொண்டிருப்பதைத் தினமும் ஸ்கேன் செய்ய வேண்டும்.

நெட்வொர்க் பாலிசி போட்டும் ட்ராஃபிக் போகிறது என்ற புகாருக்கு ஒரு பத்தி போதும். நெட்வொர்க் ப்ளகினாக ஃப்ளானல் மட்டும் இருந்தால் ஏபிஐ சர்வர் பாலிசியை வாங்கி வைத்துக்கொள்ளும், அமல்படுத்த ஆள் இல்லை. ஹோஸ்ட் நெட்வொர்க்கில் ஓடும் பாட்களுக்கும் பாலிசியை நம்ப முடியாது. ஒரு பாடிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்பு முயன்று, தோற்க வேண்டியது தோற்கிறதா என்று பாருங்கள். பாலிசியின் ஒய்ஏஎம்எல் கோப்பு இருப்பது ஆதாரமில்லை.

## மாஸ்கிங் போட்ட பிறகு ரீகன்சிலியேஷன் டீம் சண்டைக்கு வருகிறது

ஆதார் எண் லாகில் வரக் கூடாது என்று 12 இலக்க எண்களை மறைக்கும் ரெஜெக்ஸ் (வடிவத் தேடல் விதி) போட்டீர்கள். யுபிஐயின் ஆர்ஆர்என்னும் (பரிவர்த்தனைக் குறிப்பு எண்) 12 இலக்கம்தான். தோல்வியுற்ற பரிவர்த்தனையைத் தேடிக் கணக்கு ஒப்பிடும் ரீகன்சிலியேஷன் டீமுக்கு எல்லா இடத்திலும் நட்சத்திரம்.

இதில் வேடிக்கை, அந்த ரெஜெக்ஸ் முன்பு ஒழுங்காக இருந்ததுபோலத் தோன்றியிருக்கும். ஆதார் எண் 0, 1-இல் தொடங்காது என்பதால் நல்ல ரெஜெக்ஸ்கள் அவற்றை விலக்கியிருக்கும். ஆர்ஆர்என் பொதுவாக வருடத்தின் கடைசி இலக்கத்தில் தொடங்கும். 2020, 2021-இல் அது 0, 1, ரெஜெக்ஸ் தொடவில்லை. 2022-இலிருந்து தொட ஆரம்பித்துவிட்டது.

ஆதாரின் கடைசி இலக்கம் வெர்ஹோஃப் சோதனை இலக்கம் என்பதால் அதையும் சரிபார்க்கலாமே என்பார்கள். செய்யுங்கள், ஆனால் எந்த எண்ணும் தற்செயலாக அதில் தேற பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. பத்தில் ஒரு ஆர்ஆர்என் அப்போதும் மறையும். எண்ணின் வடிவத்தை விட்டு, புலத்தின் பெயரைப் பார்த்து மறைப்பதே வழி. அதற்கு அப்ளிகேஷன் ஜேசான் வடிவில் லாக் எழுத வேண்டும். டெவலப்பர்களோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

## பேமென்ட் டேட்டா நாட்டுக்கு வெளியே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள்

ரிசர்வ் வங்கியின் 2018 ஏப்ரல் 6 சுற்றறிக்கைப்படி பேமென்ட் டேட்டா முழுவதும் இந்தியாவில் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும். 2019 ஜூனில் வந்த விளக்கத்தின்படி வெளிநாட்டில் ப்ராசஸ் செய்யலாம். ஆனால் ஒரு வேலை நாள் அல்லது 24 மணி நேரம், எது முந்தையதோ அதற்குள் அங்கே அழித்து இங்கே கொண்டுவந்துவிட வேண்டும்.

பாலிசி இன்ஜின் ஸ்டோரேஜைப் பார்த்து 'மும்பை, பாஸ்' என்று சொல்லியிருக்கும். டேட்டாபேஸ் மும்பையில்தான் இருக்கிறது. கசிவு வேறு வழியில். நான் முதலில் தேடும் இடம், பாடுக்குள் உட்கார்ந்திருக்கும் ஏபிஎம் (செயல்திறன் கண்காணிப்பு) ஏஜென்டும் எரர் ட்ராக்கரும். எக்ஸெப்ஷன் விழும்போது ரிக்வெஸ்ட் பாடியை முழுதாகத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டு சாஸுக்கு (இணைய வழி மென்பொருள் சேவைக்கு) அனுப்பும். அதில் விபிஏ (யுபிஐ முகவரி), கணக்கு எண், தொகை எல்லாம் இருக்கும். அடுத்து டிஆர் (பேரிடர் மீட்பு). ஹைதராபாத்தில் ஏடபிள்யூஎஸ் ரீஜன் 2022 நவம்பரில்தான் வந்தது. அதற்கு முன் இந்தியாவில் அவர்களுக்கு மும்பை மட்டும். அந்தக் காலத்தில் கட்டிய அமைப்புகளில் சிங்கப்பூருக்கு ஸ்னாப்ஷாட் நகல் எடுக்கும் ஜாப் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கிளஸ்டர் பேக்கப் கருவியான வெலேரோவின் பேக்கப் பக்கெட், பக்கெட் ரெப்ளிகேஷன் விதி இரண்டும் அதே பட்டியலில்.

"செர்ட்-இன் விளக்கத்தில் லாகை வெளிநாட்டிலும் வைக்கலாம் என்று இருக்கிறதே?" என்று யாராவது வாதாடுவார்கள். ஆம், கேட்டபோது நியாயமான நேரத்தில் கொடுக்க முடிந்தால் வைக்கலாம். ஆனால் அந்த லாக் வரிக்குள் பரிவர்த்தனை விவரம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் கண்ணுக்கு அது பேமென்ட் டேட்டா. கோப்பின் பெயர் லாக் என்பதால் தப்ப முடியாது.

ரீஜனைத் தடுக்கும் கிளவுட் கொள்கை வைத்திருந்தாலும் பாட் இன்டர்நெட்டுக்கு அனுப்புவதை அது நிறுத்தாது. வெளியே போகும் ட்ராஃபிக்கை முதலில் முழுக்க மூடி, பெயர் வாரியாக அனுமதியுங்கள். சோதனைக்கு, யுஏடியில் (சோதனைச் சூழலில்) 4111 1111 1111 1111 என்ற எல்லாருக்கும் தெரிந்த டெஸ்ட் கார்டு எண்ணோடு வேண்டுமென்றே தோல்வியடையும் பரிவர்த்தனையை ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொரு சாஸ் திரையிலும் அந்த எண்ணைத் தேடுங்கள். கிடைத்த இடமெல்லாம் கசிவு.

## சம்பவம் நடந்த பாட் ஏற்கெனவே போய்விட்டது

சைபர் சம்பவத்தை செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2016 ஜூன் 2 சுற்றறிக்கை 2 முதல் 6 மணி நேரம் என்கிறது. ஃபால்கோ அலர்ட் வந்தது, ஆனால் யாராவது பார்ப்பதற்குள் லைவ்னெஸ் ப்ரோப் (உயிர்ப்புச் சோதனை) தோற்று கன்டெய்னர் ரீஸ்டார்ட் ஆகி, ஆட்டோஸ்கேலர் நோடையும் இறக்கிவிட்டது. தானே சரியாகிக்கொள்ளும் அமைப்பு தடயத்தையும் தானே துடைத்துவிடுகிறது.

தீர்வைத் தானியங்கியாகவே வைக்க வேண்டும், மனிதர் எழுந்து வரும்வரை தடயம் காத்திருக்காது. தீவிர அலர்ட் வந்ததும் ஒரு ஜாப் அந்தப் பாடின் லேபிள்களை மாற்றட்டும். சர்வீஸும் ரெப்ளிகாசெட்டும் அதைக் கைவிட்டுவிடும். புதுப் பாட் எழுந்து வாடிக்கையாளர் வேலையைப் பார்க்கும், பழையது அப்படியே நிற்கும். புது லேபிளுக்கு உள்ளே, வெளியே இரண்டும் மூடிய நெட்வொர்க் பாலிசி முன்கூட்டியே காத்திருக்க வேண்டும். நோடைக் கார்டன் செய்யுங்கள் (புதுப் பாட் வராதபடி மூடுங்கள்). ஆட்டோஸ்கேலர் அதைத் தொடாதபடி பாடில் வெளியேற்றத் தடைக் குறிப்பைச் சேருங்கள். ரன்டைம் ஆதரித்தால் க்யூப்லெட்டின் செக்பாயின்ட் வசதியால் மெமரியோடு நகல் எடுக்கலாம். அந்த நகலுக்குள் கீகளும் டோக்கன்களும் இருக்கும் என்பதால் அதைப் பூட்டிய தனி பக்கெட்டில் வையுங்கள். நோட் டிஸ்க்கின் ஸ்னாப்ஷாட் எடுத்து முடித்து, அதன் ஹாஷை டிக்கெட்டில் எழுதிய பிறகே அந்த நோடை இறக்க அனுமதி கொடுங்கள்.